மழை இருட்டில் ஏமாற்றுவது காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிறு விமான விபத்துகள் பற்றி வந்த கட்டுரை, இரவு மழையில் விழும் விமானங்களுக்கு மின்னலையும் காற்றையும் மட்டும் காரணம் காட்டியிருந்தது. பல விபத்துகளில் தரையில் மோதும் வரை எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஏமாந்தது விமானியின் காது.

சமநிலையைச் சொல்வது உள்காதுக் குழாய்களில் இருக்கும் திரவம். விநாடிக்குச் சுமார் இரண்டு டிகிரிக்கும் குறைவாக விமானம் சாய்ந்தால் அதற்குத் தெரியாது. பகலில் தொடுவானத்தைப் பார்த்துக் கண் திருத்திவிடும். இருட்டில், மேகத்துக்குள் அந்தக் கோடு ஏது? இடது இறக்கை தாழ்ந்திருக்கும். உடம்போ நேராக உட்கார்ந்திருப்பதாகச் சொல்லும். மூக்கு தாழும், வேகம் கூடும், உயரமானி முள் இறங்கும். இறங்குகிறோம் என்பது மட்டும் புரிந்து விமானி யோக்கை (மூக்கைத் தூக்கவும் இறக்கைகளைச் சாய்க்கவும் பயன்படும் கைப்பிடியை) தன் பக்கம் இழுப்பார். வினை அங்கேதான். சாய்ந்த நிலையில் இழுத்தால் விமானம் ஏறாது, திருப்பம்தான் இறுகும். முதலில் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைக் குறைத்து, கருவியைப் பார்த்து இறக்கைகளைச் சமமாக்கி, அதன் பிறகே மூக்கை மெல்லத் தூக்க வேண்டும்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேருக்கு வெளிக்காட்சியை மறைத்துச் சோதித்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடி.

நம் நாட்டில் கண்பார்வை விதிப்படி, அதாவது வெளியே பார்த்தே விமானத்தை ஓட்டும் முறையில், இரவில் பறக்கப் பொதுவாக அனுமதி இல்லை. உள்ளூர்ப் பறப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மதுரையைச் சுற்றி அந்த விலக்கே போதும் சிக்கலில் மாட்ட. மேற்கே நாகமலை, வடக்கே சிறுமலை, இரண்டும் இரவில் வெறும் கறுப்பு. கிழக்கே போய்ப் பாக் நீரிணையை நெருங்கினால் மீன்பிடிப் படகு விளக்கு எது, நட்சத்திரம் எது என்று பிரிக்க முடியாது. முன்னால் ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தால் மின்வெட்டு என்று நினைத்துவிடக் கூடாது (நமக்கு அப்படித்தான் தோன்றும்). குறுக்கே மேகமோ மலையோ வருகிறது.

கிளம்புமுன் வெப்பநிலையையும் பனிநிலையையும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) செல்சியஸில் கேட்டுக் கழியுங்கள். வித்தியாசத்தை 400ஆல் பெருக்கினால் மேகத்தின் கீழ்ப்பகுதி தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்பது தோராயமாகக் கிடைக்கும். 26க்கு 24 என்றால் வெறும் 800 அடி. இரவு ஏற ஏற இந்த வித்தியாசம் சுருங்கும் என்பதால், ஆறு மணிக் கணக்கை ஒன்பது மணிக்கு நம்ப முடியாது.

திரும்புவதானால் மேகத்துக்கு வெளியிலேயே திரும்பிவிட வேண்டும். 90 நாட் (மணிக்குச் சுமார் 167 கி.மீ.) வேகத்தில் சுமார் 14 டிகிரி சாய்வு, விநாடிக்கு 3 டிகிரி, சரியாக ஒரு நிமிடத்தில் வந்த வழி. பழைய பயிற்சி விமானங்களில் விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானக் கருவி, காற்றை உறிஞ்சும் வெற்றிட பம்பில் ஓடும். பம்ப் நின்றால் கருவி சட்டென்று நிற்காது, மெதுவாகச் சரிந்து பொய் சொல்லும். பக்கத்தில் இருக்கும், விமானம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று காட்டும் திருப்பங்காட்டி பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுவது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மற்றக் கருவிகளையும் ஒப்பிட்டு எது பொய் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

— ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.