பதின்மூன்றாம் மாதத்துப் பால்

கிருஷ்ணகிரி பழையபேட்டை உறவுகளுக்கும், இந்த ஆண்டை எங்களோடு சேர்ந்து கடத்திய மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்ததும் சின்னவன் பள்ளிக்கூடம் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். சின்னவன் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தது, எதற்காக இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வயதுக்காரிக்கும் ஆறு வயதுக்காரனுக்கும் தனித்தனியாகப் புத்தகம் பிரித்து நடத்த முடிகிற நிலையில் நான் இல்லை. அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, கணக்கு, எழுத்து, அறிவியல், சமையல் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே ஓட்டினோம். நாடு எத்தியோப்பியா. “பக்கத்துக் குப்பத்தையே பார்க்காத பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்காவா?” என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். காரணம் ராகிதான். சின்னவனுக்கு வேளாவேளைக்கு ராகிக் கஞ்சி என்று ஆனபோது, “இதை முதல்ல விதைச்சது யாரும்மா?” என்று கோபமாகக் கேட்டான். எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டு நிலங்களில் முதலில் பயிராகி, வெகு காலத்துக்கு முன்பே நம் பக்கம் வந்து சேர்ந்த தானியம் அது. பையூர் ரகம் விதைத்துக் களி கிண்டிச் சாப்பிடும் நமக்கு இதைவிட நெருக்கமான வெளிநாடு வேறு எது? கோபப்பட ஒரு முகவரி கிடைத்துவிட்டதில் அவனுக்கும் திருப்தி.

பால்கார அண்ணனைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பேர் போடாதம்மா என்று சொல்லிவிட்டார். பேர் இல்லாமலே உங்களுக்குத் தெரியும். எக்ஸ்எல்லில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு காலை ஏழு மணி வாக்கில் வருவார். அதிகம் பேச மாட்டார். பாக்கியைக்கூட வாய்விட்டுக் கேட்டதில்லை, தினப்படி பால் கணக்கு குறிக்கும் அட்டையை நீட்டுவார், அவ்வளவுதான்.

அந்த வாரம் நாங்கள் நேரக் கணக்கு படித்துக்கொண்டிருந்தோம். எத்தியோப்பியாவில் பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒரு மணி, நம் உச்சிப்பொழுது பன்னிரண்டு அவர்களுக்கு ஆறு. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடு என்பதால் ஆண்டு முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் அந்தக் கணக்கு அங்கே அவ்வளவாகப் பிசகுவதில்லை. சின்னவன் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “மாமா, ஒரு மணிக்குப் பால் கொண்டு வந்திருக்கீங்க” என்றான். லேட்டாக வந்ததைக் குத்திக்காட்டுகிறான் என்று எடுத்துக்கொள்வாரோ என்று எனக்குத் திக்கென்றது. அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, அது எப்படி என்று கேட்டார். அவன் விரல் விட்டு எண்ணி விளக்கினான். முழுசாகக் கேட்டுவிட்டு, “எங்க தாத்தாவும் இப்படித்தான், பொழுது கிளம்புனதுல இருந்து நாழிகை எண்ணுவாரு” என்றார். ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். ஒரு மணிக்கு இரண்டரை நாழிகை என்று பெரியவள் வகுத்துக் கண்டுபிடித்தாள். அன்றைய கணக்குப் பாடம் வாசலிலேயே முடிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து பால் ஊற்றுவதற்கு முன் கேட்பார்: “உங்க ஊர்ல இப்ப மணி என்ன?” அப்புறம் மாதம் என்ன, தேதி என்ன. மழை உண்டா என்றுகூடக் கேட்பார். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த மேட்டு நிலத்தில் பெருமழைக் காலம், அந்தத் தண்ணீர்தான் தானா என்ற ஏரி வழியாக நீல நைலில் இறங்கிச் சூடானுக்கும் எகிப்துக்கும் போகிறது என்று பெரியவள் ஒரு நாள் ஒப்பித்தாள். “நம்ம தென்பெண்ணை நந்தி மலையில கிளம்பி வர்ற மாதிரியா?” என்றார் அவர். இரண்டு பிள்ளைகளும் அவருக்குப் பதில் சொல்வதற்காகவே ஆறரைக்கு எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்து வைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்த எல்லோரும் பாசமாகத்தான் வந்தீர்கள். காய்ச்சல் இருக்கா, சாப்பிட்டியா, ஊசி வலிச்சுதா என்று கேட்டீர்கள். அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவான். குறையாகச் சொல்லவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் அந்த மாதங்களில் அவனிடம் ஊர்ச் சேதி கேட்ட ஒரே ஆள் பால்கார அண்ணன். கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்தும் நிற்பார், அடுத்த தெரு வீடுகள் காத்திருந்தாலும்.

அங்கே ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம். பன்னிரண்டுக்கும் முப்பது முப்பது நாள். மிச்சமிருக்கும் ஐந்து நாளும், லீப் ஆண்டில் ஆறு நாளும், பகுமே என்ற குட்டி மாதம். அது முடிந்ததும் செப்டம்பர் 11இல் புத்தாண்டு, சில ஆண்டுகளில் 12ஆம் தேதி. நம் கணக்குக்கு ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுகிறது. இந்த 2025 செப்டம்பரில்தான் அங்கே 2018 பிறந்திருக்கிறது. “அப்ப எனக்கு ஏழு வயசு குறைஞ்சிடுமா?” என்று ஆறு வயதுக்காரன் நிஜமாகவே பயந்தான். பகுமே மாதம் வருவதைப் பற்றி ஒரு மாதமாகவே வாசலில் பேச்சு நடந்தது.

செப்டம்பர் அட்டையைப் பார்த்தால் 6 முதல் 10 வரை கட்டங்கள் காலியாக இருந்தன. பால் தினமும் வந்தது. மறந்துவிட்டார் போல என்று நானே பேனாவை எடுத்துக்கொண்டு போனேன்.

“அது பதிமூணாவது மாசம்மா. என்கிட்ட பன்னெண்டு மாசத்துக்குத்தான் அட்டை இருக்கு.”

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரிச் செலவில் நாங்கள் எப்படித் தத்தளித்தோம் என்று அவருக்குத் தெரியும். இந்தா வைத்துக்கொள் என்று காசாகக் கொடுத்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன் என்பதும் தெரியும். தீவனம் என்ன விலைக்கு விற்கிறது என்று எனக்கும் தெரியும். நல்ல வேளை, இது அவர்களுக்கு லீப் ஆண்டாக இல்லை. அண்ணா, உங்களுக்கு நேரில் நன்றி சொன்னால் அடுத்த நாள் முகம் பார்க்கவே கூச்சப்படுவீர்கள். அதனால்தான் ஊரைக் கூட்டிச் சொல்கிறேன்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். நிலப்படப் புத்தகத்தைத் தவணை தாண்டியும் வைத்துக்கொள்ளச் சொன்ன நூலக அம்மாவுக்கு நன்றி. எத்தியோப்பியர்கள் இஞ்சேரா என்ற தோசை சுடும், கசகசா அளவே இருக்கும் டெஃப் தானியத்துக்கு நாம் எங்கே போவது? அதற்குப் பதிலாக ராகியை நைஸாக அரைத்துக் கொடுத்த மில் அக்காவுக்கும், அதைப் புளிக்கவைத்து இஞ்சேரா என்ற பேரில் நாங்கள் சுட்ட கருப்புத் தோசையை வாங்கிச் சாப்பிட்ட கீழ்வீட்டாருக்கும் நன்றி. கிரானைட் பட்டறை மாமா, எத்தியோப்பியாவில் லாலிபெலா என்ற ஊரிலுள்ள 11 பாறைத் தேவாலயங்களை எப்படிக் குடைந்திருப்பார்கள் என்று துணி சோப்பில் மேலிருந்து கீழாகச் செதுக்கிக் காட்டினார். “அங்க எரிமலைக் கல்லு, கொஞ்சம் இளகும். நம்ம கல்லுன்னா முதுகு ஒடிஞ்சிடும்” என்று தொழில் நுணுக்கமும் சொன்னார். அங்கே கல்லூரியில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பிய ஊத்தங்கரைத் தம்பி, அவர்களுடைய எழுத்தில் ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவம்தான் என்று எழுதிக் காட்டினார். நம் வரிசையில் பன்னிரண்டு என்பதால் சின்னவன் அங்கேயே குடியேறிவிடலாமா என்று கேட்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனோடு நடந்த நர்ஸ் தங்கைக்குத் தனியாக ஒரு வரி. 1960இல் ரோம் நகரில் வெறுங்காலோடு மராத்தான் ஓடித் தங்கம் வாங்கிய எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா, 1964இல் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களிலேயே டோக்கியோவில் ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார். அந்தக் கதையை அவன் ஒவ்வொரு முறை சொன்னபோதும் முதல் தடவை கேட்பது போலக் கேட்டீர்கள். தையலைப் பிடித்துக்கொண்டே அவன் ஓடப் பார்த்ததற்கு நான்தான் திட்டு வாங்கினேன், பரவாயில்லை.

இனி எந்த வீட்டில் பிள்ளை படுத்திருந்தாலும், உடம்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் வேறு ஏதாவது ஒன்று கேட்பேன். இதை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைகளிடம் கொடுத்த வாக்கு ஒன்றும் இருக்கிறது: மலையை மேலிருந்து வெட்டிய கோயில் நம்மிடமும் உண்டு, கழுகுமலை வெட்டுவான் கோயில். அரையாண்டு விடுமுறையில் கூட்டிப்போக வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். ஏற்காட்டிலிருந்து சித்தப்பா பச்சைக் காப்பிக்கொட்டை அனுப்பியிருக்கிறார். அராபிகா வகை, அதுவும் எத்தியோப்பியக் காட்டில் பிறந்ததுதான். அவர்கள் வழக்கப்படி கண்ணெதிரே வறுத்து, இடித்து, மூன்று சுற்று ஊற்றுவோம். தொட்டுக்கொள்ள சோளப்பொரி. மூன்றாவது சுற்று வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. சர்க்கரை உண்டு, விரும்பினால் உப்பும் உண்டு, பால் கிடையாது. பால்கார அண்ணன் அதற்காகக் கோபித்துக்கொள்ளாமல் வர வேண்டும்.