பள்ளம் மட்டும் சாட்சியாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்கல், சிறுகோள் என்று செய்தி வரும்போதெல்லாம் எங்கள் வட்டாரத்தில் பேச்சு நாட்றம்பள்ளியில்தான் போய் நிற்கிறது. 2016 பிப்ரவரி 6 அன்று, அப்போதைய வேலூர் மாவட்டத்தில் நாட்றம்பள்ளியை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் நிகழ்ந்த வெடிப்பில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். சிலர் காயமடைந்தனர், ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, தரையில் சிறு பள்ளம் ஒன்று விழுந்தது. விண்கல் தாக்கியே அவர் இறந்தார் என்று மாநில அரசு அறிவித்து, குடும்பத்துக்கு நிவாரணமும் வழங்கியது. அடுத்த சில நாட்களில், வெளியான படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்கள், அது தரையிலேயே நிகழ்ந்த வெடிப்பைப் போலத் தோன்றுகிறது என்று கருத்துச் சொன்னார்கள். முதல் செய்தி மக்கள் மனத்தில் தங்கிவிட்டது. இரண்டாவது செய்தி தங்கவில்லை. ஆலங்காயம், வாணியம்பாடிப் பக்கத்தில் இன்றைக்கும் பள்ளி மாணவர்கள், உலகிலேயே விண்கல் விழுந்து ஒருவர் இறந்தது நம் ஊரில்தான் என்று பெருமையும் அச்சமும் கலந்து சொல்கிறார்கள். ஓர் உயிர் போன துயரத்தை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், ஒரு பள்ளத்தைப் பார்த்து அது விண்ணிலிருந்து வந்ததா, மண்ணில் பிறந்ததா என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லையே என்ற கவலையில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கைக்குள் அடங்கும் ஒரு கல், வளிமண்டலத்துக்குள் நுழையும்போது வினாடிக்குப் பதினோரு கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வருகிறது என்றாலும், காற்றின் எதிர்ப்பால் அந்த வேகம் முழுவதையும் மேலேயே இழந்துவிடுகிறது. அதன் பிறகு உயரத்திலிருந்து நழுவவிட்ட எந்தக் கல்லையும் போலத்தான் அது விழுகிறது. அது கூரை ஓட்டையும் உடைக்கும், மண்டையையும் உடைக்கும். ஆனால் குண்டைப் போல வெடிக்காது. 1954-இல் அமெரிக்காவின் அலபாமாவில், கூரையைத் துளைத்து வந்த சுமார் நான்கு கிலோ விண்கல் ஒரு பெண்மணியின் இடுப்பில் பட்டுப் பெரிய கன்றலை உண்டாக்கியதே தவிர, அந்த வீட்டில் வெடிப்பு எதுவும் இல்லை. 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த பாறை ஏறக்குறைய 20 மீட்டர் அகலமானது. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்ததற்குக் காரணம், அதிர்வலையில் உடைந்து சிதறிய ஜன்னல் கண்ணாடிகள்தான். வெடித்துப் பள்ளம் பறிக்க வேண்டுமானால், விண்வெளி வேகத்தில் ஒரு பகுதியையாவது தரைவரை கொண்டுவந்து சேர்க்கும் அளவுக்குப் பெரிய பாறை வேண்டும். அப்படி ஒன்று வந்தால் ஒரு மாவட்டமே வானத்தில் தீக்கோளத்தைப் பார்த்திருக்கும்.

தவறாக முடிவு செய்வது நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலமும் ஏறக்குறைய 170 மீட்டர் ஆழமும் கொண்ட புகழ்பெற்ற பள்ளம் இருக்கிறது. அதைச் சுற்றி இரும்பு விண்கற்கள் சிதறிக் கிடந்தன. 1891-இல் அங்கே சென்ற குரோவ் கார்ல் கில்பர்ட் அந்நாட்டின் தலைசிறந்த புவியமைப்பியலாளர்களில் ஒருவர். பள்ளத்துக்கு அடியில் பெரிய இரும்புத் திரள் புதைந்திருந்தால் காந்த ஊசி அதைக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று சரியாகவே யோசித்து அளந்து பார்த்தார். ஊசி அசையவில்லை. ஆகவே அது நிலத்தடி நீராவி வெடித்ததால் உண்டான பள்ளம் என்று முடிவு கட்டினார். அவரேதான் இரண்டு ஆண்டுகள் கழித்து, நிலாவின் பள்ளங்கள் மோதலால் உண்டானவை என்று அக்காலத்துப் பெரும்பாலோரின் கருத்துக்கு மாறாக எழுதியவர். பின்னர் டேனியல் பாரிங்கர் என்ற சுரங்கப் பொறியாளர், அங்கே இரும்பு புதைந்திருக்கிறது என்ற உறுதியோடு 1903 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேல் துளையிட்டுத் தேடி, பெருஞ்செல்வத்தை இழந்து 1929-இல் மறைந்தார். விண்கல் என்ற அவருடைய முடிவு சரி; இரும்பு அடியில் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு தவறு. விண்வெளி வேகத்தில் மோதும் பொருளின் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் போய்விடுகிறது என்பதை இருவருமே அறிந்திருக்கவில்லை.

வழக்கை முடித்துவைத்தது ஒரு சிறு தாது. 1953-இல் ஆய்வகத்தில் மிகக் கடும் அழுத்தத்தில் முதன்முதலாகச் செய்யப்பட்ட கோயசைட் என்ற அந்தத் தாதுவை, 1960-இல் அரிசோனாப் பள்ளத்தின் மணற்கல்லில் எட்வர்ட் சாவோவும் யூஜின் ஷூமேக்கரும் கண்டறிந்தார்கள். மேற்பரப்பில் கிடக்கும் சாதாரண மணற்கல்லுக்குள் அத்தகைய அழுத்தம் எங்கிருந்து வந்திருக்க முடியும்? எந்த எரிமலையாலும் அதைத் தர இயலாது. அடுத்த ஆண்டுக்குள் ஜெர்மனியின் ரீஸ் வட்டாரத்திலும் அதே தாது கிடைத்தது. எரிமலை வாய் என்று நெடுங்காலம் நம்பப்பட்டுவந்த 24 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தத் தாழ்நிலம், ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மோதல் பள்ளம் என்று தெளிவானது. நோர்ட்லிங்கன் நகரத்துத் தேவாலயம் அந்த மோதலில் உருகிக் கலந்த பாறையால் கட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வழிபட்டவர்களின் கண்ணெதிரே சாட்சி சுவராகவே நின்றிருக்கிறது.

இந்தச் சாட்சி எப்படிப்பட்டது என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன். பாறைத் துண்டை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை தேய்த்தால் ஒளி அதனுள் ஊடுருவும். முனைவுற்ற ஒளியில், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியில், நுண்ணோக்கி வழியாகப் பார்க்கும்போது, மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் என்ற தாதுவின் சாதாரண மணி தெளிவாக, கோடில்லாமல், தகட்டை வைத்த மேடையைத் திருப்பத் திருப்ப இருண்டும் ஒளிர்ந்தும் தெரியும். மோதலின் அதிர்ச்சியை வாங்கிய குவார்ட்ஸ் மணியிலோ, சீப்பால் வாரியதுபோல் மிக நெருக்கமான இணைகோடுகள் ஒரு திசையில் ஓடும். அவற்றை வெட்டிக்கொண்டு இன்னொரு திசையில் இன்னொரு வரிசை ஓடும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஒரு லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஊடுருவிச் சென்றால்தான் அக்கோடுகள் தோன்றும். நிலநடுக்கமோ, எரிமலையோ, கல்குவாரியில் வைக்கும் வெடியோ அவற்றை உண்டாக்காது. வெறுங்கண்ணுக்கே தெரியும் அடையாளமும் ஒன்று உண்டு. பாறைகளில் கூம்பு வடிவில், முனையிலிருந்து குதிரை வால் விரிவதுபோல் பிளவுகள் விரிந்திருக்கும். இவை இல்லாமல், வட்டமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பள்ளத்தையும் அறிவியல் உலகம் ஏற்றுக்கொள்வதில்லை. அதனால்தான் உலகம் முழுவதிலும் உறுதி செய்யப்பட்ட மோதல் பள்ளங்கள் ஏறக்குறைய இருநூறுதான். இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் லோணார், மத்தியப் பிரதேசத்தின் தாலா, ராஜஸ்தானின் ராம்கர் ஆகியவை இந்தச் சோதனையில் தேறியவை. லோணாரின் எரிமலைப் பாறையில் குவார்ட்ஸ் இல்லாததால், அதிர்ச்சியில் கண்ணாடியாக மாறிய ஃபெல்ட்ஸ்பார் என்ற தாதுவைக் கொண்டு 1973-இல் வழக்கு தீர்ந்தது. 1.8 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பள்ளம் எரிமலைப் பாறையில் அமைந்து நன்கு நிலைத்திருப்பதால், நிலாவையும் செவ்வாயையும் ஆராய்பவர்கள் அதை நேரில் வந்து பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் உறுதிப்பட்ட மோதல் பள்ளம் எதுவும் இல்லை. செயற்கைக்கோள் படத்தில் ஏலகிரியின் உருவத்தைப் பார்த்துவிட்டு, அது விண்கல் விழுந்த இடமா என்று கேட்டவர்கள் உண்டு. ஏலகிரியும் அதன் அருகிலுள்ள சேவாத்தூர்ப் பாறைகளும் பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த பாறைக்குழம்பு உறைந்து உண்டானவை. ஏலகிரி விண்ணிலிருந்து வராததால் நமக்கு எந்தக் குறைவும் இல்லை. சேவாத்தூரின் கார்பனடைட் என்ற, கார்பனேட் தாதுக்கள் நிறைந்த பாறை உலகப் புவியமைப்பியலார் பலர் அறிந்த ஒன்று.

பள்ளங்களைப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் நிலாவைக் காட்டுவேன். பூமியில் மழையும் ஆறும் காற்றும் நிலத்தட்டுகளின் நகர்வும் பழைய வடுக்களை அழித்துவிடுகின்றன. நிலாவில் அழிக்க யாரும் இல்லை. ஒரு சமவெளியில் பள்ளங்கள் நெருக்கமாக இருந்தால் அது பழையது, குறைவாக இருந்தால் அது புதியது. அப்பல்லோ பயணிகள் கொண்டுவந்த கற்களின் வயதை ஆய்வகத்தில் கணித்து இந்த எண்ணிக்கையோடு பொருத்திய பிறகு, மனிதன் கால் வைக்காத செவ்வாய், புதன் ஆகியவற்றின் தரைக்கும் வயது சொல்ல முடிகிறது. வெள்ளியில் சுமார் ஆயிரம் பள்ளங்களே இருக்கின்றன. அவையும் கோள் முழுவதும் பரவலாக இருக்கின்றன. ஆகவே அதன் மேற்பரப்பு கோளின் வயதோடு ஒப்பிட இளையது, பழைய தரை எரிமலைக் குழம்பில் மூழ்கிவிட்டது என்று கருதுகிறார்கள். கோள்களின் வரலாற்றுக்கு இதைவிட எளிய கணக்கு எனக்குத் தெரிந்து வேறில்லை.

பெரிய மோதல்கள் தரையை மட்டும் குத்துவதில்லை, கோளையே மாற்றி அமைக்கின்றன. செவ்வாயின் அளவுள்ள ஒரு கோள் இளம் பூமியில் மோதியதில் தெறித்த பொருளால்தான் நிலா பிறந்தது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அப்போது நிலா முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்றும், அதில் எடை குறைந்த அனார்த்தசைட் என்ற பாறை மேலே மிதந்து வெளிர்நிற மேலோடாக உறைந்தது என்றும் கூறுவார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவின் தென்பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 இன் பிரக்யான் ஊர்தி, அங்குள்ள மண்ணின் தனிமங்களை அளந்து அனுப்பியது. 2024-இல் வெளியான அந்த முடிவுகள் பாறைக் கடல் கருத்துக்கு வலுச் சேர்த்தன. அதிகமாகக் காணப்பட்ட மக்னீசியம், ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் அகலமுள்ள தென்துருவ–அய்ட்கன் வடிநிலத்தைக் குடைந்த மோதல் ஆழத்திலிருந்து அள்ளித் தெறித்ததாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கூறியிருக்கிறார்கள். அந்த நிலா மண்ணைப் போலவே ஒரு மண்ணைச் செய்து ஊர்தியைச் சோதிக்க இஸ்ரோ தேடிச் சென்ற அனார்த்தசைட் கிடைத்தது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும்தான் என்பது, நம் மாணவர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

நாட்றம்பள்ளி பரபரப்பாகப் பேசப்பட்ட அதே 2016-இல், மெக்சிகோவின் யுகடான் கரையோரக் கடலில் ஒரு பன்னாட்டுக் குழு துளையிட்டுக்கொண்டிருந்தது. ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களின் காலத்தை முடித்த, சுமார் 180 கிலோமீட்டர் அகலமுள்ள சிக்சுலுப் பள்ளம் அங்கே புதைந்திருக்கிறது. பள்ளத்தின் உள்ளே வளையமாக எழுந்த மலையிலிருந்து அவர்கள் எடுத்த பாறை, பல கிலோமீட்டர் ஆழத்தில் இருந்திருக்க வேண்டிய கிரானைட். அது சில நிமிடங்களில் நீர்மம் போல மேலெழுந்து, சரிந்து, உறைந்திருக்கிறது. எங்கள் மாவட்டத்து மலைகள் உருவாக எவ்வளவு காலம் ஆனது என்று வகுப்பில் சொல்லிப் பழகிய எனக்கு, ஒரு மலைவளையம் நிமிடக் கணக்கில் எழுந்தது என்பதை உணர்ந்தபோது உண்டான வியப்பு இன்னும் நீங்கவில்லை.

இந்தப் படிப்புக்கு எங்கள் மண்ணே அந்நியமானதல்ல. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை ஊரார் அறிவார்கள். ஆனால் சிறுகோள்களைத் தேடுவதற்கென்றே ‘கல்கி’ என்ற திட்டம் அங்கே நடந்ததையும், 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் அங்கிருந்து கண்டறிந்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டதையும் அறிந்தவர்கள் மிகச் சிலர்.

ஆகவே தங்களிடம் என் முதல் வேண்டுகோள்: விண்கல் விழுந்தது என்று செய்தி வந்தால், தீக்கோளத்தை எத்தனை ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், கல் அறுத்துப் பார்க்கப்பட்டதா, யார் பார்த்தார்கள் என்ற கேள்விகளுக்கான விடையையும் சேர்த்து வெளியிடுங்கள். விடை பிறகுதான் கிடைக்கும் என்றால், அதையும் முதல் செய்தி வந்த அதே இடத்தில், அதே அளவில் வெளியிடுங்கள். இரண்டாவது வேண்டுகோள் வேலூர் மாவட்ட அறிவியல் மையத்துக்கும் கல்வித் துறைக்கும் உரியது. லோணாரின் பாறை ஒரு துண்டு, சித்தம்பூண்டி அனார்த்தசைட் ஒரு துண்டு, அதிர்ச்சி பட்ட குவார்ட்ஸின் கண்ணாடித் தகடு ஒன்று, அதைப் பார்க்க ஒரு நுண்ணோக்கி ஆகியவற்றை மாணவர்கள் கையால் தொட்டுப் பார்க்கும்படி வைப்பது பெரிய செலவு அல்ல. காவலூர் அறிவியலாளர்களை அழைத்து, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் பயிற்சி தரலாம். 2016-க்குப் பிறகு விண்கல் என்று நம்பிப் பலர் என்னிடம் கொண்டுவந்த கற்களில் பெரும்பாலானவை பழைய உலைகளில் கழிவாக வெளியேறிய இரும்புக் கிட்டம். காந்தம் ஒட்டும், கனமாகவும் இருக்கும். உடைத்தால் உள்ளே ரொட்டி போலக் காற்றுக் குமிழ்கள் தெரியும். பெரும்பாலான விண்கற்களுக்குள் அத்தகைய குமிழ்கள் இருப்பதில்லை. புதிதாக விழுந்தவற்றுக்கு மேலே மெல்லிய கருந்தோல் மட்டும் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இக்கற்களும் மாணவர்களுக்கு உதவும் என்பதால், மையத்தார் கேட்டால் அவற்றை நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
ஆலங்காயம்.