பேரைக் கேட்டுக்கொள், பாப்பா

கிருஷ்ணகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். சென்னை உள்விளையாட்டு அரங்கில் கபடிக்கு நீதான் மைக் பிடிக்கப் போகிறாய் என்று போனில் சொன்னதும் எனக்குப் பேச்சே வரவில்லை. அம்மா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இருபது வருஷத்துக்கு மேல் மைக் செட் கட்டி, மின்னொளி கபடிக்கும் எருது விடும் விழாவுக்கும் அறிவித்தவன் நான். அதில் முக்கியமாகத் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: ஆட்டக்காரன் பேர். சீட்டில் எழுதிக் கொடுப்பதை நம்பாதே. ஆட்டத்துக்கு முன்னால் நேரில் போய், "உன் பேரை நீயே ஒரு தடவை சொல்லுப்பா" என்று கேள். நம்ம மாவட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று வீட்டுக்கு வீடு பேச்சு மாறும். ஒருமுறை ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பையன் ஒருவன் பேரை, சீட்டில் இருந்தபடி தப்பாகச் சொல்லிவிட்டேன். கூட்டம் சிரித்தது. ஆட்டம் முடிந்ததும் முழங்கால் மண்ணோடு மேடைக்கு வந்தான். "எங்க நைனா வந்திருக்காருண்ணா, ஒரு தடவை சரியா சொல்லுங்க" என்றான். சொன்னேன். ஆனால் பாதிக் கூட்டம் கலைந்து போயிருந்தது. அந்தப் பையன் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அமெரிக்காவில் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்கு பாப் ஷெப்பர்ட் என்று ஒரு அறிவிப்பாளர் இருந்தார், 1951 முதல் 2007 வரை. சந்தேகமான பேர் என்றால் அந்த ஆட்டக்காரரிடமே போய்க் கேட்டுக்கொள்வாராம். அவர் பேச்சுக்கலை வாத்தியார் வேலையும் பார்த்தவர். நீயும் இப்போது பார்க்கிற வேலையை விட்டுவிடவா என்று கேட்டிருந்தாய். விடாதே. இதில் போட்டி நடக்கிற நாளுக்குத்தான் காசு.

அப்புறம், ரெய்டு போகிறவன் பாடும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது. அந்த 30 விநாடியும் அவன் பாட்டு நடுவர் காதில் விழவேண்டும். டிவியில் வர்ணனை செய்கிறவர் வேலை வேறு, உன் வேலை வேறு. யார் போகிறார், எத்தனை புள்ளி, யார் வெளியே, அவ்வளவுதான். வெளியூர் அணிக்காரன் பேரையும் அதே மரியாதையோடு சொல். அவனுக்கும் வீட்டில் நைனா இருப்பார்.

எதிரொலிக்குப் பழகிக்கொள். நம்ம ஊர்த் திடலில் 170 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாய் ஸ்பீக்கர் சத்தம், மேடையில் இருக்கிற நம் காதுக்கு அரை விநாடி பிந்தி வரும். அதைக் கவனித்தால் நாக்கு குழறிவிடும். உன் அரங்கில் கூரையே குரலைத் திருப்பி அனுப்பும். அதற்குக் காது கொடுக்காதே. ஜெர்சி எண், ஒரு மூச்சு நிறுத்தம், பிறகு பேர். பேரின் கடைசி எழுத்தை விழுங்காதே. அவசரத்தில் நீ அப்படிச் செய்வாய், சின்ன வயசிலிருந்தே பார்க்கிறேன்.

முதல் நாள் போட்டிக்கு நானும் அம்மாவும் பஸ் பிடித்து வந்துவிடுகிறோம். முன் வரிசை வேண்டாம். உச்சியில் கடைசி வரிசையில் இரண்டு டிக்கெட் எடுத்து வை. அங்கே ஒவ்வொரு பேரும் முழுசாக வந்து சேருகிறதா என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா