உரிமத் துப்பாக்கிக்காரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஆடிக் காற்றில் கூரைத் தகரம் பறந்துபோன மாதம் மட்டும் கூடவில்லை.

ஆண்டு பிறக்கும்போது நம்மில் பலர் கையில் துப்பாக்கியே இல்லை. மார்ச் 16இல் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். இங்கே ஓட்டுப் போட்டது ஏப்ரல் 26. துப்பாக்கி திரும்பியதோ ஜூன் 4 முடிவு வந்த பிறகு. நாம் சுட வேண்டிய காட்டுப்பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி கிடையாது. மரவள்ளிக் காட்டில் அது தன் பாட்டுக்கு உழுதுகொண்டே இருந்தது. பன்றி சுடுவதற்கான பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்காவது விலக்கு வேண்டும் என்று எழுதினோம். பதில் வந்தபோது புது மந்திரிசபையே பதவியேற்றிருந்தது.

திரும்பி வந்த துப்பாக்கிகளில் சில, குழலுக்குள் செந்துரு பிடித்திருந்தன. ஆளுக்கு ஆள் கோபப்பட்டோம். ஆனால் ஒப்படைக்கும்முன் எண்ணெய் போட்டுத் துணி சுற்றிக் கொடுத்தவர்களின் துப்பாக்கி அதே அறையில் நன்றாகத்தான் இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

எண்ணெய் என்றதும் மார்கழியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உறுப்பினர் ஒருவர் தம் இரட்டைக் குழல் துப்பாக்கிக்குத் தேங்காயெண்ணெய் போட்டு வைத்திருந்தார். விடியற்காலைக் குளிரில் பன்றி பத்தடியில் நிற்கிறது. விசையை இழுத்தால் ‘டொக்’ என்ற சத்தம் மட்டும். இரண்டாவது குழலும் அதே கதை. தோட்டாவில் குற்றமில்லை. 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையும் என்பது தலைக்கு எண்ணெய் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கியின் விசைப் பொறியான பூட்டுக்குள் அது வெண்ணெய் மாதிரி கட்டி, தோட்டாவைத் தட்டும் ஊசியைப் பிடித்துக்கொண்டது. அவரே மறு கூட்டத்தில் துப்பாக்கியைப் பிரித்துக் காட்டினார். சிரித்தவர்களில் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்த் தங்கள் பூட்டையும் கழுவினார்கள் என்று கேள்வி.

பன்றிப் பணி பற்றி. காட்டுப்பன்றி இன்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2022 மே மாதம் முதல் கேரளத்தில் அதைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களிடம் தரப்பட்டிருக்கிறது. உத்தரவு கையில் இல்லாமல் சுட்டால் அது வேட்டை, வேட்டைக்கு ஜெயில். சுட்ட பன்றியை மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும். “ஒரு கிலோவாவது கொடுங்கள்” என்று கேட்டு வருகிற சொந்தக்காரர்களுக்கு இதை நீங்களே சொல்லிவிடுங்கள், என்னிடம் அனுப்பாதீர்கள்.

சித்திரைக் கூட்டத்தில் இளைஞர்கள் பெரிய காலிபர், அதாவது பெரிய குழல் அளவு, பேச்சை எடுத்தார்கள். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ரைஃபிள் ஒன்று வாங்கினால் தூரத்திலிருந்தே முடித்துவிடலாமே என்றார்கள். அந்தத் தோட்டா 1912இல் வந்தது. 300 கிரெய்ன் (ஏறக்குறைய 19 கிராம்) குண்டு, யானைக்கும் காட்டெருமைக்கும் போனது. 1907இல் வெள்ளைக்காரன் இந்தியாவில் .450 காலிபரைத் தடுத்ததால்தான் .465, .470 என்ற அளவுகளே பிழைப்புக்கு வந்தன. பட்டாளத்து மார்ட்டினி ஹென்றி ரைஃபிளுக்கு அந்த .450 தோட்டா போய்ச் சேர்ந்துவிடும் என்று அவனுக்குப் பயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யானைக்குச் செய்த குண்டு பன்றியோடு நிற்காது. நம்மிடம் இருக்கும் .315 ரைஃபிளின் குண்டே குறி தப்பினால் இரண்டு தோப்பு தாண்டும். சின்ன .22 தோட்டாவின் டப்பாவில்கூட ஒன்றரை மைல் ஆபத்து என்று போட்டிருக்கும்.

தூரத்துக்கும் கணக்கு உண்டு. குண்டு அரை விநாடி பறந்தால், துப்பாக்கி பெரிதோ சிறிதோ, ஏறக்குறைய 1.2 மீட்டர் கீழே விழும். நல்ல ரைஃபிளுக்கு அரை விநாடி என்பது முந்நூறு மீட்டரும் கொஞ்சமும். அதற்கு மேல் நம் ஊர்க் காற்று. பாலக்காட்டுக் கணவாயில், கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டிருக்கிற ஊரில், குறுக்குக் காற்றைக் கண்ணால் அளந்து இருட்டில் நானூறு மீட்டர் சுடுகிறேன் என்பவரிடம் நான் வாதாடுவதில்லை.

புரட்டாசியில் ஒரு நாள். நிலக்கடலைக் காடு, பஞ்சாயத்து உத்தரவு சட்டைப் பையில், டார்ச் வெளிச்சத்தில் பன்றி பக்கவாட்டாக நிற்கிறது. நம் உறுப்பினர் விசையில் விரல் வைத்தவர் எடுத்துவிட்டார். பன்றிக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவே, கள் இறக்குகிறவரின் ஓலைக் கொட்டகையில் செல்போன் வெளிச்சம் சின்னதாகத் தெரிந்திருக்கிறது. பன்றி கிணற்று மேட்டை ஒட்டி வரட்டும், மண் பின்னால் இருக்கும் என்று காத்தார். அது வரவில்லை; வேறு பக்கம் போய்விட்டது. விடிந்ததும் காட்டுக்காரர், “வெடி வைக்கத் தெரியாதவனை ஏன் அனுப்பினீர்கள்?” என்று என் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டார். கடலை போனது உண்மை. அவர் வயிற்றெரிச்சல் நியாயம். ஆனாலும் செயற்குழு ஒருமனதாக உறுப்பினர் பக்கம் நின்றது. தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக் 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிள் போட்டியை அலுவலகத்தில் சேர்ந்து பார்த்தோம். ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளியில் வெண்கலம் வாங்கினார். அதில் பத்துப் புள்ளி என்பது இலக்கின் நடுவே 10.4 மில்லிமீட்டர் வட்டம், நம் சட்டைப் பொத்தான் அளவு. தலைவர் வாங்கி வந்த பழம்பொரி ஆறிப்போகும்வரை யாரும் கை வைக்கவில்லை.

இரண்டு வேண்டுகோள். ஒன்று, உரிமக் காலம் முடியும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஐந்து வருடம் என்பது மறந்துபோகிற நீளம். இன்னொன்று, இந்த ஆண்டு மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். அவர் துப்பாக்கி அலமாரியிலேயே இருந்தது, பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உரிமதாரர் காலமானால் துப்பாக்கியைத் தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், வாரிசு உரிமம் பிறகு. இதை இன்றிரவே வீட்டில் சொல்லி வையுங்கள்.

அடுத்த மாதக் கூட்டம் துப்பாக்கி சுத்தம் செய்யும் நாள். தோட்டா கொண்டுவர வேண்டாம். பழைய வேட்டி கிழித்த துணி கொண்டு வாருங்கள். எண்ணெய் சங்கம் தரும்.

இப்படிக்கு,
செயலாளர்