பேரன்கிட்ட தப்பா சொல்லிட்டேன்

கண்ணு,

நல்லா இருக்கியா, மாப்ள எப்படி இருக்காரு. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, அதை விடு. நேத்து வீடியோ கால்ல தம்பி கேட்டான்ல, தாத்தா சிரியஸ் நட்சத்திரம் 8.6 ஒளியாண்டு தூரம், புரோசியான் நட்சத்திரம் 11.5 ஒளியாண்டு தூரம், அப்ப அது ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவுன்னு. நானும் பெரிய இவனாட்டம் கழிச்சு 2.9னு சொல்லிட்டேன். தப்பு கண்ணு. படுத்தப்புறம்தான் ஒறைச்சுது.

முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவனுக்கு இது தெரியாம போச்சு பாரு. சேலத்துலருந்து ராசிபுரம் முக்கா மணி நேரம், ஆத்தூர் ஒன்னரை மணி நேரம், அதுக்காக ராசிபுரத்துல ஏறுனவன் முக்கா மணியில ஆத்தூர்ல எறங்கிருவானா? ஒன்னு தெக்க, ஒன்னு கெழக்க. ஒரே ரோட்டுல இருந்தாதான கழிக்க முடியும்.

ஏற்காடு எவ்வளவு தூரம்னா நாம ஒரு மணி நேரம்னுதான சொல்லுவோம், ஒளியாண்டும் அந்த மாதிரி பேச்சுதான், ஆனா நம்ம பஸ்ஸு இருபது கொண்டை ஊசியிலயும் மூச்சு வாங்கும், வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர், வெறும் வெளியில ஒரே ஸ்பீடு, வருஷத்துக்கு 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர் போயிரும்.

வெளிச்சம் வர இத்தனை வருஷம்னு யாரு ஸ்டாப்வாட்ச் புடிச்சான்னு கேட்டானே, யாரும் புடிக்கலன்னு சொல்லு. கட்டை விரலை நீட்டி ஒரு கண்ணை மாத்தி ஒரு கண்ணை மூடுனா வெரலு நகர்ற மாதிரி தெரியும்ல, அதே வித்தைதான், பூமி சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கறப்ப ஒரு தடவை, ஆறு மாசம் கழிச்சு அந்தப் பக்கம் போனப்புறம் ஒரு தடவை பாப்பாங்க, நட்சத்திரம் எவ்வளவு நகர்ற மாதிரி தெரியுதோ அதை வெச்சு தூரம் போடுவாங்க. 1838ல பெஸ்ஸல்னு ஒருத்தர் 61 சிக்னிங்கற நட்சத்திரத்துக்கு இப்படித்தான் கணக்கு போட்டாரு. தூரம் தெரிஞ்சப்புறம்தான் வெளிச்சம் இத்தனை வருஷமா வருதுங்கறதே.

இன்னிக்கு சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனேன். நாகலூர் நைட் ஹால்ட்ல பஸ் மேல படுத்துப் பாத்த வானமெல்லாம் இங்க ஏது, ஆனா இந்த ரெண்டும் டவுன் வெளிச்சத்துலயும் தெரியுது. கையை நீட்டி சாண் விரிச்சா சிரியஸ்லருந்து புரோசியானுக்கு ஒரு சாணுக்கு மேல கொஞ்சம் மிச்சம். மொபைல்ல பாத்தா 26 டிகிரின்னு போட்டிருக்கு. கீழ வந்து காலண்டர் தாளுக்குப் பின்னாடி ஒரு புள்ளி வெச்சு, அதான் நாம, 8.6 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, 26 டிகிரி தள்ளி 11.5க்கு இன்னொன்னு, ரெண்டு முனைக்கும் ஸ்கேல் வெச்சா 5.3 வந்துச்சு. அதாவது 5.3 ஒளியாண்டு. விஷயம் தெரிஞ்சவங்க 5.2ங்கறாங்க, என் பென்சில் மொட்டை.

தம்பியையும் போட்டுப் பாக்கச் சொல்லு, பென்சிலை நல்லா சீவிக்கச் சொல்லு, அவனுக்கு என்ன வருதுன்னு ஞாயித்துக்கெழமை கேக்கறேன். தட்டுவடை பார்சல் போட்டிருக்கேன், ஒடையாம வந்துச்சான்னு சொல்லு.

அப்பா