1964-க்கு முன்னால் 1948 இருக்கிறது: வடசென்னை பர்மா தமிழர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் வியாசர்பாடிக்காரன். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. சங்க விழாக்களில் உங்கள் பேச்சைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். பேச்சு எப்போதும் 1964-ல்தான் தொடங்கும். பர்மாவின் ராணுவ ஆட்சியாளர் நே வின் கடைகளை எடுத்துக்கொண்டது, அந்த மே மாதம் 50, 100 கியாட் (பர்மியப் பணம்) நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தது, சம்பாதித்ததை எல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறியது. எல்லாம் நடந்ததுதான், நம் பெரியவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்த மண்ணில் நம்மை அந்நியர் கணக்கில் எழுதியது அதற்கும் பதினாறு வருஷம் முன்னால், 1948-ல். அந்த வருஷத்தைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

பர்மாவுக்கு விடுதலை கிடைத்தது 1948 ஜனவரி 4, விடியற்காலை 4.20-க்கு. ஜோசியர்கள் குறித்துக் கொடுத்த நேரம். விடுதலைப் போராட்டத் தலைவர் ஆங் சான் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, அதற்கு ஆறு மாதத்துக்குள் முன்னால்தான், 1947 ஜூலை 19-ல், கூட்டம் நடந்துகொண்டிருந்த அறைக்குள் புகுந்து சுட்டுவிட்டார்கள். அவரோடு செத்தவர்களில் அமைச்சர் அப்துல் ரசாக்கும் ஒருவர். அப்பா இந்திய முஸ்லிம், அம்மா பர்மியர். இதையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

ஊ நூ பிரதமராகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, மார்ச் கடைசியில் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் எடுத்தார்கள், ஜூலையில் ஆங் சானின் பழைய தொண்டர் படையில் பெரும்பகுதி பிரிந்து போனது, அப்புறம் ராணுவத்துக்குள்ளேயே கலகம், அடுத்த ஜனவரியில் ரங்கூனுக்குப் பக்கத்து இன்செயினில் கரேன் இனக் கிளர்ச்சியாளர்களோடு சண்டை. இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் குடியுரிமைச் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்து, 1942 ஜனவரி 1-க்கோ 1948 ஜனவரி 4-க்கோ முந்தைய பத்து வருஷத்தில் எட்டு வருஷம் பர்மாவில் இருந்தவர், இனி இதுதான் என் நாடு என்று எழுதிக் கொடுத்தால் குடிமகன் ஆகலாம். படித்துப் பார்த்தால் நியாயமான சட்டம்தான். ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் அரிசி ஆலையில் வேலை பார்த்தவரும் எட்டு வருஷத்துக்கு எந்தச் சான்றைக் காட்டுவார்கள்? 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் குண்டு விழுந்தது. அதற்கப்புறம் லட்சக்கணக்கானோர் காட்டு வழியாக அசாமுக்கும் மணிப்பூருக்கும் நடந்தார்கள், வழியில் எத்தனையோ பேர் செத்தார்கள். தப்பித்துத் திரும்பி வந்தவர் கையில் காகிதம் எங்கே இருக்கும்? 1930, 1938-ல் இந்தியர்களுக்கு எதிராக நடந்த கலவரங்களைக் கண்ணால் பார்த்த பயம் வேறு. பெண்டாட்டி பிள்ளை ஊரில். அதனால் விண்ணப்பித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் அந்நியர் பதிவுப் புத்தகம் வாங்கிக்கொண்டு பிழைப்பைப் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் தாத்தாவின் அந்தப் பதிவுப் புத்தகம், எஃப்.ஆர்.சி. என்பார்கள், இருக்கிறது. போட்டோவில் முகம் பாதி மஞ்சளாகிவிட்டது, கட்டைவிரல் ரேகை மட்டும் இன்னும் நன்றாகத் தெரிகிறது, முத்திரை மேல் முத்திரை. கைப்பட எழுதியிருக்கும் பர்மிய எழுத்தைப் பாட்டி போன பிறகு வீட்டில் படிக்க ஆளில்லை. மடிப்பு மடிப்பாக உதிர்ந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பர்மியர்களின் வலியையும் நாம் பேச வேண்டும். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். நெல் விலை விழுந்த பிறகு, 1930-களில், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம், தமிழ்நாட்டிலிருந்து போய் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. விடுதலை வந்த அதே 1948-லேயே நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான். நிலம் இழந்த விவசாயியின் கோபம் நியாயமானது. அது ஒரு குழி நிலம்கூட இல்லாத நம் கூலிக்காரர்கள் மேலும் சேர்ந்து விழுந்ததுதான் கொடுமை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு வரலாறு. அங்கேயே தங்கிவிட்ட நம் சொந்தங்களுக்கோ 1948 இன்னும் முடியவில்லை. 1982-ல் வந்த புதுச் சட்டம் குடிமக்களை மூன்று தரமாகப் பிரித்து, 1948 சட்டத்தின் கீழ் மனுப் போட்டுக் காத்திருந்தவர்களை இணைக் குடிமக்கள் என்று இரண்டாம் படியில் வைத்தது.

சரி, நான் கேட்பது என்ன? வியாசர்பாடியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு வீடாகப் போய் இந்த அந்நியர் பதிவுப் புத்தகங்கள், கப்பல் டிக்கெட், ரங்கூன் பள்ளிக்கூடச் சான்றிதழ், கடை ரசீது, கடிதம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைப்போம். அசல் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். 1948-ல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு நெருங்குகிறது, அதனால் முதலில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும், விழா மலர் அடுத்த வருஷம் வரலாம். பர்மிய எழுத்து தெரிந்தவர்கள் நம் பேட்டையிலேயே இன்னும் சிலர் இருப்பார்கள். பர்மா எல்லையை ஒட்டிய மணிப்பூர் மோரேயில் இருக்கும் நம் ஆட்களையும் கேட்கலாம். வருகிற ஜனவரி 4 அன்று ஒரு மாலை ஒதுக்கி, கிடைத்ததை எல்லாம் பிள்ளைகள் பார்க்கும்படி சங்கக் கட்டடத்தில் வையுங்கள்.

ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது, கூட வர நான்கைந்து இளைஞர்களும் தயார். எந்தத் தெருவில் தொடங்கலாம் என்று பெரியவர்கள் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் கூட வந்தால்தான் வீட்டுக்காரர்கள் நம்பிப் பெட்டியைத் திறப்பார்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து உங்களில் ஒருவன்