தீர்வை குறைந்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

முன்னாள் சோவியத் நாடுகளைப் பற்றி ஞாயிறன்று வந்த கட்டுரையைப் படித்தேன். சந்தையைத் திறந்துவிட்டால் நல்ல நிர்வாகம் தானாக வந்துவிடும் என்கிறார் கட்டுரையாளர். தூத்துக்குடியில் முப்பது வருடம், சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்டாக இருந்தவன் நான். அந்த நாடுகளில் ஒன்றான ஜார்ஜியாவில் மகள் மருத்துவம் படித்தபோது இரண்டு முறை அதன் தலைநகர் திபிலிசி போய் வந்தேன். அங்கே நடந்தது அப்படி இல்லை.

ஜார்ஜியா 2000ஆம் ஆண்டிலேயே உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் காசு கொடுக்காமல் அங்கே ஒரு காகிதமும் நகரவில்லை. மகள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா அந்தக் காலத்தில் துருக்கியிலிருந்து துணி வாங்கி வந்து விற்றவர். எல்லையில் எவ்வளவு, அப்புறம் வழியில் போலீஸ் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். மகள்தான் மொழிபெயர்த்தாள். சுங்கத் தீர்வை எத்தனை சதவீதம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அதை அவரிடம் யாரும் கேட்டு வாங்கியதே இல்லையாம்.

என் தொழிலில் பார்த்ததும் இதுதான். தீர்வையை எவ்வளவு குறைத்தாலும் சரி, காகிதம் ஒரு மேசையில் நாலு நாள் நின்றால் மிச்சமான காசு, சரக்கு துறைமுகத்தில் தங்கியதற்கான டிமரேஜ் கட்டணத்தில் போய்விடும்.

2003 நவம்பரில் மக்கள் போராடி ஆட்சியை மாற்றிய ரோஜாப் புரட்சி வந்தது. மறு வருடமே போக்குவரத்துப் போலீசை அடியோடு கலைத்துவிட்டு, புதிய ஆட்களை நல்ல சம்பளத்தில் எடுத்தார்கள். 21 வகை வரிகளை 7 ஆகக் குறைத்தார்கள். காவல் நிலையங்களைக் கண்ணாடிச் சுவரில் கட்டினார்கள். ஒரு மாலை அப்படி ஒரு நிலையத்துக்கு எதிரே நின்று பார்த்தேன். உள்ளே யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது தெருவிலிருந்தே தெரிகிறது. பெரும்பாலான பொருள்களுக்கு இறக்குமதித் தீர்வையை நீக்கியது இதற்கெல்லாம் பிறகு, 2006இல்.

வர்த்தகத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். அதே 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. அதுவரை அவர்களுடைய பெரிய சந்தையே ரஷ்யாதான். 2013 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. கறாராகத் தரம் பார்க்கும் வேறு நாடுகளில் விற்க வேண்டி வந்ததால்தான் தரத்தில் அக்கறை கூடியது. ஆனால் நீதிமன்றத்தைத் திருத்த எந்த வாங்குபவரும் வரவில்லை. சுங்கத்தைச் சுத்தம் செய்த அதே ஆட்சியில், வழக்கில் சிக்கியவர் விடுதலையாவது அபூர்வம். 2012இல் சிறைக் கொடுமைகளின் வீடியோ வெளிவந்தது. அடுத்த மாதத் தேர்தலில் புரட்சிக்குப் பிறகு ஆண்ட அந்தக் கட்சி தோற்றது.

2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தம், 2023இல் அதில் சேரக் காத்திருக்கும் வேட்பாளர் நாடு என்ற தகுதி என்று வாசல்கள் மேலும் திறந்தன. 2024 நவம்பரில் இப்போதைய அரசு, உறுப்பினராவதற்கான பேச்சை 2028 முடியும்வரை தள்ளிவைப்பதாக அறிவித்தது. அதை எதிர்த்து திபிலிசியின் ருஸ்தவேலி சாலையில் ஜனங்கள் இரவிரவாக நின்றார்கள். வீட்டுக்கார அம்மாவின் வியாபாரத்துக்கு இன்று எல்லையில் ஒரு தொல்லையும் இல்லை. அந்தக் குளிரில் அவரும் போய் நின்றதாக மகள் சொன்னாள்.

ஓய்வுபெற்ற கிளியரிங் ஏஜென்ட்,
தூத்துக்குடி